புது வீட்டு சோலார் வாட்டர் ஹீட்டர்: முதல் வாரமே பார்த்துவிட வேண்டியவை

வேலூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சத்துவாச்சாரியோ காட்பாடியோ, புது வீட்டுக்குக் குடிபோன மாதமே "சோலாரில் சூடே வரவில்லை" என்ற புகார் எழுந்துவிடும். பல வீடுகளில் ஹீட்டரில் குறையே இருக்காது, பைப் வேலையில்தான் இருக்கும். அதனால் பிளம்பர் கணக்கை முடிப்பதற்கு முன்பே இதையெல்லாம் சோதித்துவிடுங்கள். இங்கே சொல்வது வாக்யூம் ட்யூப் (நடுவே காற்றை நீக்கிய இரட்டைக் கண்ணாடிக் குழாய்) வைத்து, பம்ப் இல்லாமல் தண்ணீர் தானாகச் சுற்றும் வகைக்கு. 100 டிகிரி வரை காட்டும் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு வாளியும் போதும்.

1. நிழல்

ட்யூப்கள் தெற்கே பார்த்து இருக்க வேண்டும். காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழக்கூடாது. இதை மே மாதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது, ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவரின் நிழல் நம் ஊரில் நடுப்பகலில் முக்கால் மீட்டர் நீளும். காலை 9 மணிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல். வெந்நீர் அதிகம் தேவைப்படும் மார்கழியில்தான் இந்த நிழல் கெடுக்கும்.

2. முதல்முறை நிரப்புவது

காலி ட்யூப் வெயிலில் நின்றால் உள்ளே 200 டிகிரியைத் தாண்டும். அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோதான் நிரப்ப வேண்டும். பகலில் டேங்க் வற்றிப்போனாலும் இதே விதிதான். நிரப்பும்போது ஒவ்வொரு ட்யூபின் அடிமுனையையும் பாருங்கள். வெள்ளி போல மின்னினால் வாக்யூம் நன்றாக இருக்கிறது. பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த ட்யூபை மாற்றச் சொல்லுங்கள்.

3. உயரமும் வென்ட் பைப்பும்

ஓவர்ஹெட் டேங்கின் அடிமட்டம் சோலார் டேங்கின் உச்சிக்கு மேலே இருக்க வேண்டும். எவ்வளவு மேலே போகலாம் என்பது கம்பெனி தரும் தாளில் இருக்கும், அதை மீறினால் டேங்க் தாங்காது. சோலார் டேங்கின் நீராவியை வெளியேற்றும் வென்ட் பைப்பின் வாய், ஓவர்ஹெட் டேங்க் நிரம்பி நிற்கும் மட்டத்துக்கு ஒரு அடியாவது மேலே இருக்கட்டும். அதில் தண்ணீர் சொட்டுகிறதென்று யாராவது மூடி போட்டுவிட்டால், நீராவி வெளியேற வழியின்றி டேங்க் பிளந்துவிடும்.

4. பச்சைத் தண்ணீர் கலக்கிறதா?

அதிகம் ஏமாற்றும் குறை இதுதான். சோலார் டேங்கிலிருந்து வெளியே வரும் லைனில் உள்ள கேட் வால்வை முழுதாக மூடுங்கள். கீழே குளியலறைக்குப் போய் வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து வையுங்கள். பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு மிக்சர் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் நுழைகிறது.

எந்த மிக்சர் என்று கண்டுபிடிக்க, அந்தக் குழாய் திறந்தபடியே இருக்க, ஒவ்வொரு குளியலறையிலும் மிக்சருக்குப் போகும் ஆங்கிள் காக்கை (தண்ணீரை அடைக்கும் சின்ன வால்வை) ஒன்றொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது ஓட்டம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் மிக்சரின் இரண்டு திருகுகளையும் திறந்துவிட்டு, ஹேண்ட் ஷவரை மட்டும் நிறுத்தி வைத்திருப்பார்கள். சுவருக்குள் பதித்த டைவர்ட்டராக (ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரை மாற்றிவிடும் மிக்சர்) இருந்தால், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு போட வேண்டியிருக்கும். அழுத்தம் குறைந்த லைனுக்கு ஸ்விங் வகையே நல்லது, ஸ்பிரிங் வகை சரியாகத் திறக்காது.

பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது இன்னும் மோசம். மிக்சர் திறந்தவுடன் பம்பின் வேகம் வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளி, மாடியில் வென்ட் வழியே கொட்டச் செய்யும். பம்ப் வேண்டுமென்றால் இரண்டு லைனுக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும்படி, பிரஷர் தாங்கும் சோலாரையே தொடக்கத்திலேயே வாங்குவதுதான் சரி.

5. இரவில் எவ்வளவு சூடு போகிறது?

மாலை 5 மணிக்கு மாடியில் டேங்குக்குப் பக்கத்தில் அரை வாளி பிடித்து அளந்து குறியுங்கள். இரவில் யாரும் பயன்படுத்தாமல், காலை 6 மணிக்கு மறுபடி அளங்கள். ஏழெட்டு டிகிரி குறைந்தால் கவலையில்லை. பதினைந்துக்கு மேல் போனால், உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், வெந்நீர் ஓவர்ஹெட் டேங்குக்குப் பின்னோக்கி ஏறுகிறது.

மாடியில் சரியாக இருந்து கீழே மட்டும் தாமதமானால், பைப்பின் நீளம்தான் காரணம். முக்கால் இன்ச் சிபிவிசி பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். 20 மீட்டர் என்றால் முதல் 5 லிட்டர் ஆறிய தண்ணீர்தான். வெந்நீர் லைனுக்குச் சாதாரண பிவிசி கூடவே கூடாது, சூட்டில் வளைந்துவிடும்.

6. கரண்ட் காயில்

வெயில் இல்லாத நாளில் டேங்குக்குள்ளேயே தண்ணீரைக் கரண்டில் சூடாக்கும் காயில் இது; ஐப்பசி, கார்த்திகை மழையில் தேவைப்படும். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 4 யூனிட் ஆகும், 2 கிலோவாட் காயிலுக்கு இரண்டு மணி நேரம். இரவெல்லாம் ஓடவிடாமல், குளிப்பதற்கு முன் முடியும்படி டைமர் வையுங்கள். 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. ஒயர், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்), எர்த் நான்கும் கட்டாயம். டேங்கில் தண்ணீர் இல்லாமல் ஸ்விட்ச் போட்டால் காயில் கருகிவிடும்.

7. கோடையும் உப்புத் தண்ணீரும்

அக்கினி நட்சத்திரத்தில் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டலாம். 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலை வெந்துபோகச் செய்யும். குழந்தைகள் உள்ள வீட்டில் பாதி ட்யூப்களைச் சாக்கு போட்டு மூடிவிடுங்கள். சூடு குறைந்தால் உப்புப் படிவதும் குறையும்.

போர் தண்ணீர் மட்டும் விடுகிறவர்கள் வருடம் ஒருமுறை ட்யூபைக் கழற்றி அடியில் தேங்கிய சுண்ணாம்பை எடுக்க வேண்டும். காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் அதை ஓவர்ஹெட் டேங்கில் கலந்துவிட்டால் படிவு குறையும். அதே நாளில் டேங்குக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பியையும் வெளியே எடுத்துப் பாருங்கள். டேங்கின் உலோகத்துக்குப் பதிலாக அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் கம்பி அது. பென்சில் கனத்துக்கு மெலிந்து நடுக்கம்பி தெரிந்தால், அடுத்த வருடம் வரை காத்திருக்காமல் புதிது மாட்டிவிடுங்கள்.