காருக்குள் தேங்கிய ஏசி தண்ணீர்

மழையே இல்லை, ஆனால் காரில் இடப்பக்க சீட்டுக்கு முன்னால் மேட் சொதசொதவென்று நனைந்து கிடந்தது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் அதை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அப்படியென்றால் காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, செலவு பெரிது. இது வெறும் தண்ணீர். "சரி, ஏசி டிரெயின் குழாய்தான் அடைத்திருக்கு" என்றார். ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரில் படியும் ஈரம் அந்த ரப்பர் குழாய் வழியாகத்தான் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும்.

காரைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, அவர் சொன்னபடி குழாய் முனையில் மெல்லிய நைலான் கம்பியை மெதுவாக நுழைத்தேன். தூசியும் சருகும் கலந்த சேறு விழுந்தது, பின்னாலேயே தண்ணீர் கொட்டியது. கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடுமாம். அப்புறம், மேட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு காயத்தான் நாளானது.