ஆர்.சி. பள்ளி விளையாட்டுப் பொறுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் ஒரு குறுவட்டப் போட்டிக்குக் களம் அளந்து கொடுக்கக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டருக்கு வரும் அழைப்பெல்லாம் இப்படித்தான். சுண்ணாம்புத் தூள், கயிறு, அளவு நாடா, ஒரு தொப்பி. கபடிக் களத்தின் ஓரத்தில் ஓர் இளம் ஆசிரியர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஐந்து பையன்கள், இஸ்திரி மடிப்புக் கலையாத பனியனோடு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் முடியும் வரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் அப்படியே நின்றவன் நான்.

அரசு உதவி பெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்றிலிருந்து எட்டு வரை. கீழ் வகுப்புகளுக்குப் பெரும்பாலும் தனி பி.டி. ஆசிரியர் கிடையாது, வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்வார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைக் கூப்பிட்டு, "சின்ன வயசு, நல்லா ஓடுவீங்க, கேம்ஸ் நீங்களே பாத்துக்கோங்க" என்று ஹெச்.எம். சிஸ்டர் விசிலைக் கையில் கொடுத்துவிடுவார். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் வைத்திருங்கள், உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா பாருங்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். தாண்டிப் போகிறேன்.

கடவுளை நம் டீமில் சேர்ப்பது

ஆட்டத்துக்கு முன்னால் ஜெபம் சொல்வது நம் பள்ளிகளில் வழக்கம். "ஆண்டவரே, எங்களுக்கு வெற்றி தாரும்" என்று ஆரம்பிப்பார்கள். எதிரணியும் ஒரு ஆர்.சி. பள்ளி, அவர்களும் அந்தப் பக்கம் அதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். யார் கையும் காலும் உடையாமல் விளையாட வேண்டும் என்று கேட்டால் போதாதா?

இன்னொன்று. நம் டீமில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், ஒன்றிரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். வட்டமாக நிற்க வைத்து எல்லாரையும் சிலுவை போடச் சொல்லாதீர்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் சம்மதம் இல்லாமல், சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல், யாரையும் வழிபாட்டில் பங்கேற்க வைக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவே சொல்கிறது. நான் கடைசி வருடங்களில் அரை நிமிடம் மௌனம் என்று வைத்துக்கொண்டேன். அவரவர் சாமியை அவரவர் கும்பிட்டுக்கொண்டார்கள். தாளாளர் ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டத்தைத் தண்டனை ஆக்குவது

லேட்டா வந்தியா, மூணு ரவுண்டு. பேசினியா, அஞ்சு ரவுண்டு. இப்படி ஒரு வருடம் செய்துவிட்டு, ஜனவரியில் 600 மீட்டருக்கு ஆள் கேட்டால் எவன் வருவான்? உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருப்பது தனிக் கதை.

பி.டி. பீரியடைக் கணக்கு வகுப்புக்குக் கடன் கொடுப்பது

திரும்பி வராது.

பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போய் ஏழு பேரை ஆட வைப்பது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். முதலில் என் மேல், அப்புறம் இதையே திரும்பச் செய்கிற எல்லார் மேலும்.

கபடியில் களத்தில் இறங்குவது 7 பேர். பட்டியலில் 12 பேர் வரை எழுதலாம். சின்னப் பையன்களுக்கு 15 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 15 நிமிடம். டைம்-அவுட்டிலோ இடைவேளையிலோ நடுவரிடம் சொல்லி மாற்று ஆட்களை இறக்கலாம். ஆளுக்கு நாலைந்து நிமிடம் கொடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விதி நமக்கு வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அருமையான ஏழு பேர் அமைந்தார்கள். ஏழு பேரும் எட்டாம் வகுப்பு. இரண்டு கார்னரும், அதாவது இரு ஓரத்திலும் நின்று பிடிப்பவர்கள், கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டார்கள். அரையிறுதியில் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது 19 பாயிண்ட் முன்னால் இருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹெச்.எம். சிஸ்டர், "மாஸ்டர், அந்தப் பிள்ளைங்க எப்ப இறங்கும்?" என்று கேட்டார். "ஃபைனல் முடியட்டும் சிஸ்டர்" என்றேன். ஃபைனல் முடிந்த பிறகு எங்கே இறங்குவது? அதை நான் யோசிக்கவில்லை, சிஸ்டர் யோசித்திருப்பார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கோப்பை வாங்கினோம். பன்னிரண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம்.

திரும்பும் வழியில் வேனிலேயே பனியன்களைத் திரும்ப வாங்கினேன். பள்ளிப் பனியன், துவைத்து அடுத்த போட்டிக்கு வைக்க வேண்டும். பன்னிரண்டாம் நம்பர், ஏழாம் வகுப்புப் பையன், மூன்று நாளும் தண்ணீர்க் கேன் தூக்கியவன். கடையிலிருந்து வந்த அதே மடிப்பில் மடித்து, காலரில் குத்தியிருந்த குண்டூசியோடு கொடுத்தான். "சார், இதைத் துவைக்க வேண்டாம், அழுக்காகல" என்றான். குறையாகச் சொல்லவில்லை. துவைக்கிற வேலை ஒன்று குறையட்டும் என்று உதவியாகத்தான் சொன்னான்.

சரி, மனசை விடுங்கள். நஷ்டக் கணக்குக்கு வருவோம். நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடிந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த ஜூனில் அந்த ஏழு பேரும் இல்லை. மிச்சம் இருந்த ஐந்து பேர்தான் டீம், அதில் ஒருவன் வரவில்லை. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளோடு நின்று, "கடைக்குப் போகணும் சார்" என்றான். அவன் அப்பாவுக்குக் கடையே கிடையாது.

முதல் சுற்று. நான் அனுப்பிய முதல் ரைடர் பாடிக்கொண்டே போனான், கூட்டம் கத்தியது, யாரையும் தொடாமல், எதிரணிப் பக்கத்தில் ரைடர் தாண்டியே ஆக வேண்டிய பாக் லைனையும் தாண்டாமல் திரும்பி ஓடி வந்தான். அவுட். பயிற்சியில் நூறு தடவை அந்தக் கோட்டைத் தாண்டியவன். ஆனால் வேற்றூர் மண்ணில், விசில் சத்தத்தில் ஒரு தடவைகூட அவனை நான் நிறுத்தியதில்லை. 41-9 என்று தோற்றோம். முந்தின வருடக் கோப்பை ஹெச்.எம். அறை அலமாரியில் இருந்தது. அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவேன்.

அப்புறம்தான் ஃபாதரும் சிஸ்டரும் நானும் உட்கார்ந்து அரைப் பக்கத்தில் விதி எழுதினோம். வாரம் ஐந்து பயிற்சியில் நான்குக்கு வந்தவன் கட்டாயம் களம் இறங்குவான். பத்துப் பாயிண்ட் முன்னால் போனால் மாற்று ஆட்கள் எல்லாரும் உள்ளே. பயிற்சிக்கு வராதவன் எவ்வளவு பெரிய ரைடர் ஆனாலும் வெளியே. மார்க்கை இதில் சேர்க்கவில்லை. கணக்கில் ஃபெயில் ஆகிறவனுக்கு நம் பள்ளியில் கிடைக்கிற ஒரே கைதட்டல் மைதானத்தில்தான், அதையும் பிடுங்குவானேன்? நடுவரை ஏசினால் மட்டும் அடுத்த ஆட்டம் கிடையாது.

விதி எழுதினால் விலை உண்டு. அடுத்த வருடமே எங்கள் முதல் ரைடர் இரண்டு வாரம் பயிற்சிக்கு மட்டம் போட்டான். உட்கார வைத்தேன். மூன்று பாயிண்டில் தோற்றோம். அவன் மாமா ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஃபாதரிடம் போனார். ஃபாதர் என்னைக் கூப்பிட்டு அவர்கள் முன்னாலேயே, "எழுதுனது நாமதானே மாஸ்டர்?" என்றார். ஆமாம் என்றேன். பேச்சு முடிந்தது. அந்த ஆதரவு இல்லையென்றால் விதியே எழுதாதீர்கள். பாதியில் வளைகிற விதி, விதி இல்லாததைவிடக் கேடு.

"சார், எல்லாம் நாக்-அவுட், ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்கு" என்று சொல்வீர்கள். நானும் சொன்னேன். அதற்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்துப் பள்ளியோடு நட்பு ஆட்டம் வையுங்கள். அதில் மாற்று ஆட்கள் முதலில் இறங்கட்டும், சூரர்கள் கேன் தூக்கட்டும்.

பவுலடிகளைப் பாதியில் நிறுத்துவது

விளையாட்டு விழா பேனரில் ஒரு வசனம் தவறாமல் இருக்கும்: எல்லாரும் ஓடினாலும் பரிசு ஒருவருக்குத்தான் என்பது. பைபிளில் பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 9ஆம் அதிகாரம். அடுத்த வரியைப் பேனரில் யாரும் அச்சடிப்பதில்லை. அந்தக் காலத்தில் கிரேக்க நாட்டுக் கொரிந்து நகருக்குப் பக்கத்தில் இஸ்த்மியப் போட்டிகள் என்ற விளையாட்டு விழா நடக்கும். ஜெயித்தவருக்குப் பைன் இலைக் கிரீடம். வாடிப்போகிற கிரீடத்துக்கே அவர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்களே என்றுதான் பவுல் தொடர்கிறார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை சாக்கு ஓட்டத்தில் விழுந்து அழும்போது தலைக்கு மேல் பாதி வசனம் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. முழுசாகப் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு வசனம் பாருங்கள்.

மரத்தடி

விசில் ஊதிவிட்டு வேப்பமரத்தடியில் செல்போனோடு உட்காருவது. சலேசிய சபையை நிறுவிய புனிதர் தொன் போஸ்கோவின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் பள்ளிகளிலும் பார்க்கிறேன். அவர் சின்ன வயதில் கயிற்றின் மேல் நடந்து காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தவர். 1884 மே மாதம் ரோமிலிருந்து தன் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் அவருடைய வருத்தமே இதுதான்: முன்பெல்லாம் பெரியவர்கள் பையன்களோடு சேர்ந்து ஓடியாடினார்கள், இப்போது ஒதுங்கி நிற்கிறார்கள். அவருடைய சலேசியர்கள் தஞ்சாவூருக்கு வந்தது 1906இல். அந்தக் கடிதம் நம் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

முட்டி வலிக்கிறதா? கோல் கீப்பராக நில்லுங்கள்.

வயசு

14 வயதுக்கு உட்பட்டோர் என்றால் 14 வயதுக்கு உட்பட்டோர்தான். "ஒரு மாசம்தானே மாஸ்டர்" என்று பெற்றோர் வருவார்கள். கண்டுபிடித்தால் மொத்த டீமும் வெளியே. கண்டுபிடிக்காவிட்டால் அது இன்னும் மோசம். பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் விஷயம் தெரியும்.

ஷூ கட்டாயம் என்பது

மண் களத்தில் கபடிக்கும் கோ-கோவுக்கும் வெறுங்கால் போதும். வாங்க முடியாதவன் "கால் வலி சார்" என்பான், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

ஞாயிறு காலை

பூசை, மறைக்கல்வி நேரத்தில் பயிற்சி வைத்தால் பங்குத்தந்தையோடு சண்டை. சனிக்கிழமை வையுங்கள்.

வீடு போய்ச் சேர்வது

போட்டி முடிந்ததும் யார் யாரோடு போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசிப் பையனின் அம்மா வரும் வரை கேட்டில் நில்லுங்கள். சில நாள் ஏழரை மணி ஆகும்.