பூச்சுக்கு முன் போர்டைச் சரிசெய்தல்

பூச வந்தவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரை நாலு இடத்தில் உள்ளங்கையால் அழுத்தினார். “இதன்மேல் பூசினால் நாளைக்கு என்னைத்தான் திட்டுவீர்கள். சரிசெய்து வையுங்கள், அடுத்த சனிக்கிழமை வருகிறேன்” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லண்டன் ஹாரோவில் நாங்கள் வாங்கியது 1930களில் கட்டிய வீடு. மாடி அறைக்குப் பிளாஸ்டர்போர்டு (இருபுறமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை) அடித்தவர் மலிவாகக் கேட்டார், நானும் ஒத்துக்கொண்டேன். நம் ஊரில் ஜிப்சம் சீலிங் என்றால் மூட்டில் டேப் ஒட்டிப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடுவார்கள். இங்கே முழுப் பரப்பையும் ஜிப்சம் கலவையால் பூசுவார்கள். அந்தப் பூச்சு 2, 3 மி.மீ.தான். அது எந்தக் கோணலையும் மறைக்காது. பின்னால் போர்டு ஆடினால் மூட்டோடு மூட்டாக விரிசல் விடும்.

முதலில் குறை எங்கே என்று பார்க்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் கண்ணில் படாத மேடெல்லாம் நிழல் போட்டு நிற்கும். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மார்க்கர் வேண்டாம், மை பூச்சைத் தாண்டி வெளியே வரும். என் அறையில் ஆடுகிற இடத்துக்கு வட்டம், இடுக்குக்குப் பெருக்கல் குறி போட்டேன். “சுவரில் பரீட்சைத் தாள் திருத்துகிறீர்களா?” என்றாள் மனைவி.

பாதிக் குறை ஸ்க்ரூவில்தான். 12.5 மி.மீ. போர்டுக்கு 38 மி.மீ. ஸ்க்ரூ போதும். சுவரில் 300 மி.மீ.க்கு ஒன்று, சீலிங்கில் 230 மி.மீ.க்கு ஒன்று இருக்க வேண்டும். எனக்கு அடித்தவர் இரண்டடிக்கு ஒன்று போட்டிருந்தார். அதிலும் பல, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தன. ஸ்க்ரூத் தலை பிடித்து நிற்பது அந்தக் காகிதத்தில்தான். கிழிந்தால் பிடிமானம் போச்சு. அதை நோண்டாமல் 50 மி.மீ. தள்ளிப் புதிதாக ஒன்று போடுங்கள். போர்டின் ஓரத்திலிருந்து 10 மி.மீ., வெட்டிய ஓரமென்றால் 13 மி.மீ. உள்ளே தள்ளிப் போட வேண்டும். பிறகு கரணையைப் பரப்பின்மேல் இழுத்தால் துருத்தி நிற்கும் தலை ‘டிங்’ என்று காட்டிக்கொடுக்கும். ஒன்று மட்டும்: ஸ்விட்ச், பிளக் இருக்கும் இடத்துக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் வயர் ஓடலாம். வயரைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் வைத்துப் பார்க்காமல் ஸ்க்ரூ ஏற்றாதீர்கள்.

பின்னால் மரச்சட்டமே இல்லாமல் அந்தரத்தில் முடியும் ஓரம் இருக்கிறதே, அதற்கு எத்தனை ஸ்க்ரூ போட்டும் பயனில்லை. போர்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, உள்ளே ஒரு கட்டையை நுழைக்க வேண்டும். கட்டை கை நழுவிச் சுவருக்குள் விழுந்துவிடும், எனக்கு இரண்டு விழுந்தன. மூன்றாவதில், கட்டையின் நடுவே ஒரு ஸ்க்ரூவைப் பாதி மட்டும் ஏற்றி அதையே கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டேன். இருபக்கமும் போர்டு வழியே ஸ்க்ரூ போட்டு இறுக்கியபின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய துண்டைத் திரும்பப் பொருத்தினேன்.

இரண்டு போர்டு சேருமிடத்தில் ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால், ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து அளந்து பாருங்கள். 2, 3 மி.மீ. என்றால் பாண்டிங் கலவையை (அடிப்பூச்சுக்கான ஜிப்சம் கலவை) ஓரடி அகலத்துக்குச் சரிவாக இழுத்துவிடலாம். எனக்குப் புகைபோக்கிப் பக்கம் 6 மி.மீ. இருந்தது. அந்த போர்டைக் கழற்றி, உள்வாங்கிய சட்டத்தின்மேல் மெல்லிய மரச்சிம்பு வைத்துத் திரும்ப அடித்தேன். அரை மணி நேரம்தான் ஆனது. அதற்குத் தயங்கிக்கொண்டு இரண்டு நாள் சுற்றி வந்தேன்!

3 மி.மீ.க்கு மேலான இடுக்குகளைப் பாண்டிங் கலவையால் உள்ளே அழுத்தி அடைத்து, இறுகியபின் ஸ்க்ரிம் டேப் (மூட்டில் ஒட்டும் வலை டேப்) ஒட்டுங்கள். டேப்பை முதலில் ஒட்டினால் இடுக்கு உள்ளே காலியாகவே இருக்கும். குழாயில் வரும், இடுக்கு அடைக்கும் பெயின்டர் காக் வேண்டாம், அதில் பூச்சு ஒட்டாது. புது போர்டுக்குப் பி.வி.ஏ. பசையும் தேவையில்லை. பழைய ஆர்டெக்ஸ் (மேடுபள்ளமாக வடிவம் போட்ட பூச்சு) சீலிங்கை மட்டும் சுரண்டப் போகாதீர்கள். 2000க்கு முன் போட்டதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதனைக்கு அனுப்பிவிட்டுத் தொடுங்கள்.

சனிக்கிழமை வந்தவர் மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கலவை கலக்க ஆரம்பித்தார். ஒரு வருடம் ஆகிறது. ஜன்னலுக்கு மேலே மட்டும் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடுகிறது. அங்கேயும் ஒரு கட்டை வைத்திருக்க வேண்டும். ஞாயிறு இரவு பத்து மணி ஆகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.