கருப்பை வாயை ஒளியில் சோதிக்கும் முறை

புற்றுநோய் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கருப்பை வாயின் மேற்பரப்புச் செல்களில் உட்கரு பருத்துவிடுவதால், அங்கே படும் ஒளி திரும்பி வரும் விதமும் மாறிவிடுகிறது. 1925இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் ஹின்செல்மன் வடிவமைத்த கால்போஸ்கோப், இந்த மாற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. அதைக் கையாள்வதில் வரிசை முக்கியம். வரிசை பிசகினால் முதலில் பார்க்க வேண்டியது மறைந்துபோகும்.

யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியைப் பொருத்தியபின் உப்புநீரில் நனைத்த பஞ்சால் சளியை மெல்ல ஒற்றியெடுத்து, தட்டைச் செல்களும் தூண் செல்களும் சந்திக்கும் எல்லைக்கோடு முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து பச்சை வடிகட்டியை இடுங்கள். ரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நுண்குழாய்கள் கருத்துத் தெரியும்; அவை ஊசிமுனைப் புள்ளிகளாகவோ தரையோடு பதித்தாற்போன்ற கட்டங்களாகவோ, முரடாகவும் சீரற்றும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அமிலம் தடவியபின் இக்குழாய்கள் மங்கிவிடும் என்பதாலேயே இதை முன்னதாகச் செய்கிறோம்.

பின்னர் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் தோய்த்த பஞ்சை ஒற்றி, முழுதாக ஒரு நிமிடமாவது காத்திருங்கள். அவசரப்படுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அமிலம் பட்ட இடத்தில் விரைவில் தோன்றி, அடர்த்தியாக, கூரிய விளிம்போடு, நெடுநேரம் கலையாமல் நிற்கும் வெண்மை ஐயத்துக்குரியது. மெல்லிய திரைபோல் வந்து சட்டென மறைவது பெரும்பாலும் தூண் செல்கள் தட்டைச் செல்களாக மாறும் சாதாரண உருமாற்றமே.

அயோடின் ஒவ்வாமை இல்லையென்று கேட்டறிந்த பிறகு, இறுதியாக லூகால் எனும் அயோடின் கரைசலைத் தடவலாம். கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிறைந்த இயல்பான தட்டைச் செல்கள் அடர்பழுப்பாகும். மாறுபட்டவை கடுகு மஞ்சளாகவே நிற்கும்.

தன்னொளிர்வு (ஒளி பட்டதும் திசு தானே ஒளிர்வது), ராமன் நிறமாலை (மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தை அளப்பது) ஆகிய முறைகள் சாயமின்றியே திசுவின் வேதியியலை அளக்கின்றன: திசுவைத் தாங்கும் கொலாஜன் புரதம் சிதைந்த இடத்தில் ஒளிர்வு குறையும். ஆனால் அழற்சியும் இவ்வளவீடுகளைக் குழப்பும் என்பதால் அவை, இப்புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி வைரஸைக் கண்டறியும் பரிசோதனைக்கு மாற்றாகா.

எந்த ஒளியும் நோயை உறுதிப்படுத்துவதில்லை. ஐயத்துக்குரிய இடத்திலிருந்து பயாப்ஸி (சோதனைக்கான சிறு திசுத்துண்டு) எடுத்தே முடிவு சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எல்லைக்கோடு பெரும்பாலும் கருப்பை வாயின் உட்குழாய்க்குள் ஏறிவிடும். அப்போது வெளியே தெரியும் பகுதி பளபளவென்று நன்றாக இருந்தாலும் "இயல்பு" என்று எழுதாமல், "எல்லை முழுமையாகத் தெரியவில்லை" என்றே பதிவுசெய்யுங்கள்.