கேலக்ஸிக் கொத்துகளை வரைபடமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்கு கேலக்ஸிகளை அளந்து பட்டியலிட்ட ஸ்லோன் வான் ஆய்வின் தரவைக் கொண்டு, கேலக்ஸிகள் இழைகளாகவும் கொத்துகளாகவும் பின்னிக் கிடக்கும் பேரண்ட வலையை வரையப் பழக்கிவருகிறேன். நாங்கள் அன்று தடுக்கி விழுந்த இடங்களிலேயே புதியவர்களும் விழுகிறார்கள். அலகு மாறிப்போவது போன்ற சில்லறைப் பிழைகள் தாமே பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

செம்பெயர்ச்சியை அப்படியே தொலைவாக எடுத்துக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். விலகிச் செல்லும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி. அது தரும் வேகத்தை ஹப்பிள் மாறிலியால் (அண்டம் விரியும் வீதத்தால்) வகுத்தால் தொலைவு கிடைக்கும் என்பது பாடம். கொத்துக்குள் அது செல்லாது. சுமார் 32 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கோமா கொத்தில் கேலக்ஸிகள் நொடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வேகத்தில் அங்குமிங்கும் பாய்கின்றன. அந்த வேகத்தைத் தொலைவாக மாற்றினால் நாலரைக் கோடி ஒளியாண்டுக்கு மேல் பிழை வரும். கொத்தின் அகலமே அவ்வளவு கிடையாது.

விளைவு, உருண்டையான கொத்து படத்தில் நம்மை நோக்கி நீண்ட குச்சியாகிவிடும். ‘கடவுளின் விரல்’ என்பார்கள். ஒரு மாணவர் அந்தக் குச்சியைப் பேரண்ட வலையின் இழை என்று நம்பி, நீளம் அளந்து, ஒரு பருவத்தையே தொலைத்துவிட்டார். எந்த இழையும் பூமியைக் குறிவைத்து வளராது! 1986-ல் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையம் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடத்தில் மனித உருவம் போலத் தெரியும் ‘குச்சி மனிதனுக்கு’ உடலாக நிற்பதுகூடக் கோமாவின் விரல்தான்.

சந்தேகமிருந்தால் கன்னிக் கொத்திலுள்ள எம்86 என்ற கேலக்ஸியைப் பாருங்கள். ஏப்ரல் இரவில் நாங்குநேரிப் பக்கம், ஊர் வெளிச்சம் எட்டாத பொட்டலில் தொலைநோக்கியை வைத்தால், கன்னி ராசியில் மங்கிய பஞ்சுத் துணுக்காகத் தெரியும். ஏறத்தாழ ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும் நொடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நம்மை நோக்கி வருகிறது. சூத்திரத்தில் போட்டால் தொலைவு மைனஸில் வரும்.

முதலில் கொத்தின் உறுப்பினர்களைப் பிரித்தெடுத்து, எல்லாவற்றுக்கும் கொத்தின் சராசரி வேகத்தையே கொடுங்கள். விரல் சுருங்கும், உண்மையான இழைகள் வெளிப்படும். ஆனால் வேகச் சிதறலை, அதாவது உறுப்பினர்களின் வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை, தூக்கி எறிந்துவிடாதீர்கள். கொத்தின் நிறையைக் கணக்கிடும் வழி அதற்குள்தான் இருக்கிறது. 1933-ல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமாவின் சிதறலை வைத்துத்தான், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருள் இருக்க வேண்டும் என்றார். எந்தக் காலத்தில் எவ்வளவு நிறையுள்ள கொத்துகள் எத்தனை இருந்தன என்று எண்ணினால், பேரண்ட அமைப்பு எப்படித் திரண்டு வளர்ந்தது என்பது கணக்கில் வரும்.

கேலக்ஸிகளே கொத்து என்று நினைப்பது

நிறையில் அவை சில விழுக்காடுதான். மீதி, எக்ஸ் கதிர் வீசும் வெப்ப வாயுவும் அதைவிடப் பல மடங்கு கரும்பொருளும்.

பெரியவை முதலில் பிறந்தன என்பது

இல்லை. சிறியவை முதலில், கொத்துகள் கடைசியில்.

பெருங்கொத்து முழுவதும் ஈர்ப்பால் கட்டுண்டது என்பது

பல கொத்துகள் சேர்ந்ததே பெருங்கொத்து. புனே வானியலாளர்கள் 2017-ல் அறிவித்த சரஸ்வதி பெருங்கொத்து சுமார் 60 கோடி ஒளியாண்டு விரிந்தது. அதன் நடுப்பகுதி ஒன்றுசேரலாம். விளிம்புகளை அண்டத்தின் விரிவு பிரித்துக்கொண்டு போய்விடும்.