ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் வலிக்கு எதைப் போடலாம்?

வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்ஸபான், ரிவராக்ஸபான் இவற்றில் ஏதாவது ஒன்றை எடுப்பவர் மூட்டுவலிக்கோ பல்வலிக்கோ கடையில் கேட்டு வாங்க வேண்டியது தனி பாராசிட்டமால் மட்டுமே. ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். இவை இரைப்பையின் உள்சவ்வை அரிக்கும். கூடவே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் தடுக்கும். இந்தக் கெடுதல் ஐ.என்.ஆர். பரிசோதனையில் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண்; ஏறினால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்) தெரியாது. எண் சரியாக இருக்கும்போதே வயிற்றில் ரத்தம் கசியலாம்.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு 400 மி.கி. ஐபுப்ரோஃபனும் இருக்கிறது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

பாராசிட்டமால் 650 மி.கி. என்றால் ஒரு வேளைக்கு ஒன்று, 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு மூன்றுக்கு மேல் போகாதீர்கள். சளி மாத்திரையில் உள்ள பாராசிட்டமாலும் இந்தக் கணக்கில் சேரும். கல்லீரல் நோய் அல்லது மதுப்பழக்கம் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள் தொடர்ந்து சில நாள் பாராசிட்டமால் போட்டால் ஐ.என்.ஆர். ஏறக்கூடும், மூன்று நாளைத் தாண்டினால் பரிசோதனை செய்யுங்கள்.

தைலமும் களிம்பும்கூட கவனிக்க வேண்டியவையே. மெத்தில் சாலிசிலேட் உள்ளதைப் பெரிய பரப்பில் அடிக்கடி தேய்த்தால் தோல் வழியே உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றும். வெந்நீர் ஒத்தடத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

இதய மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மலம் தார்போல் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.