மைக்கைக் கடைசியில் கொடுங்கள்: கேம்பஸில் யூத மாணவர் தலைவர்களை வளர்ப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் யூத மாணவர்களுக்கு, தங்கள் சமூகத்துக்காகப் பேசும் தலைவர்களாகப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பின் ஊழியராக இருக்கலாம், வளாகத்து ரப்பியாக, அதாவது யூத மதகுருவாக இருக்கலாம், மாணவர் நலப் பிரிவில் வேலை பார்க்கும், யூதரே இல்லாத ஒருவராகவும் இருக்கலாம். செப்டம்பர் பிறந்ததும் வழக்கமாக நடப்பது இதுதான்: நன்றாகப் பேசத் தெரிந்த நாலு பிள்ளைகளைப் பிடித்து, ஒரு சனி ஞாயிறு முகாம் போட்டு, எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அச்சடித்த தாளைக் கையில் திணித்து, "போய்ப் பேசுங்கள்" என்று அனுப்பிவிடுவது. நவம்பருக்குள் அந்த நாலு பேரில் இரண்டு பேர் களைத்துப்போய்க் கண்ணிலேயே பட மாட்டார்கள். மீதி இரண்டு பேர் எல்லோரோடும் சண்டை போட்டு வைத்திருப்பார்கள்.

அதனால் மைக்கைக் கடைசியில் கொடுங்கள். முதலில் கொடுக்க வேண்டியது வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுப் பொறுப்பு.

சிரிக்காதீர்கள். 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதல் ஹில்லெல் தொடங்கிய காலத்திலிருந்து, 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸ் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஹபாத் என்ற யூத மத இயக்கத்தின் முதல் வீடு திறந்த காலத்திலிருந்து, இந்த மாணவர்களைச் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் ஷபாத் எனும் ஓய்வுநாளை வரவேற்கும் இந்த வெள்ளிக்கிழமை விருந்துதான். அங்கே யாரை எந்த மேஜையில் உட்கார வைப்பது, தனியாக வந்து கதவோரம் நிற்கும் முதலாண்டுப் பையனை யார் போய்க் கூப்பிடுவது, மெழுகுவர்த்தி ஏற்றி ஆசீர்வாதம் சொல்லும்போது ஹீப்ரு தெரியாதவர் கூச்சப்படாமல் இருக்க என்ன செய்வது, இதையெல்லாம் ஒரு பருவம் முழுக்கச் செய்த மாணவிக்கு ஆட்களைப் படிக்கத் தெரிந்துவிடும். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவருக்கு அது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அதோடு இன்னொரு வேலையும் கொடுங்கள். ஆளுக்குப் பத்து பேர், ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் காபி. பிரசாரம் கூடாது, கேள்வி மட்டும். வீட்டில் என்ன கொண்டாடுவீர்கள், இந்தக் கல்லூரியில் எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது, எங்கள் பக்கம் நீங்கள் ஏன் வருவதே இல்லை? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள்தான் தங்கம். சந்திப்பு முடிந்ததும் நாலு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் மறந்துவிடும்.

இந்தக் காபி சந்திப்புகளில் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பது, "யூத மாணவர்கள்" என்று ஒரே மாதிரி ஒரு கூட்டம் கிடையாது என்பதை. நியூஜெர்சியில் கோஷர் எனும் யூத உணவு விதி தவறாமல் வளர்ந்தவர், ஈரானிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், தாத்தா பாட்டி ரஷ்ய மொழி பேசும் பையன், அப்பா மட்டும் யூதர் என்பதால் "நான் கணக்கில் வருவேனா" என்று தயங்குபவர், இஸ்ரேல் ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர், யோம் கிப்பூர் எனும் நோன்பு நாளன்று ஒருநாளும் பட்டினி கிடக்காதவர். அரசியலிலும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் பாலஸ்தீன ஆதரவுக் கூடாரங்கள் முளைத்தபோது, அதற்குள்ளேயே யூத மாணவர்கள் பஸ்கா பண்டிகையின் செடர் என்ற சடங்கு விருந்து நடத்தினார்கள். அதே வளாகத்தில் வேறு யூத மாணவர்கள் அந்தப் பக்கம் நடக்கவே பயமாக இருக்கிறது என்றார்கள். இரண்டு தரப்பையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாதவர் "யூத மாணவர்கள் சார்பில்" என்று ஆரம்பித்துப் பேசினால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். "எங்கள் அமைப்பின் சார்பில்" என்று சொல்லப் பழக்குங்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் நிறைய வம்பைத் தவிர்க்கும்.

சரி, வாதம் செய்யக் கற்றுக்கொடுப்பது எப்போது? இதற்கு வெளியிலிருந்து எந்தப் பயிற்சி நிறுவனத்தையும் கூப்பிட வேண்டாம், யூத மரபிலேயே கருவி இருக்கிறது. ஹவ்ரூதா என்பார்கள்: இரண்டு பேர் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படிப்பது, ஒருவரை ஒருவர் மடக்குவது. யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூதில் ஒரு கதை வரும். ஹில்லெல், ஷம்மாய் என்ற இரண்டு பழைய குருக்களின் பள்ளிகள் மூன்று வருஷம் வாதாடின, கடைசியில் வானத்திலிருந்து ஒரு குரல், இரண்டும் கடவுளின் வார்த்தைதான், ஆனாலும் நடைமுறைக்கு ஹில்லெல் சொன்னதே சட்டம் என்றது. ஏன் ஹில்லெல்? அவர்கள் சாந்தமானவர்கள், எதிர்த்தரப்பின் கருத்தையும் சேர்த்துக் கற்பித்தார்கள், அதுவும் தங்கள் கருத்துக்கு முன்னால் அதைச் சொன்னார்கள். பயிற்சிக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. எதிர்த்தரப்பின் வாதத்தை, அந்தத் தரப்பு மாணவரே கேட்டு "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று தலையாட்டும் அளவுக்குச் சொன்ன பிறகுதான் தன் வாதத்தைச் சொல்லலாம்.

பழகுவதற்கு இன்றைய சண்டையை எடுக்காதீர்கள், ரத்தம் சூடாகிவிடும். ஸ்கோக்கி வழக்கை எடுங்கள். 1977-இல் சிகாகோவை ஒட்டிய ஸ்கோக்கி ஊரில் ஊர்வலம் போக நாஜிக் கும்பல் ஒன்று அனுமதி கேட்டது. நாஜிகளின் யூத இனப்படுகொலையான ஹோலோகாஸ்டில் தப்பிப் பிழைத்தவர்கள் நிறையப் பேர் குடியிருந்த ஊர் அது. அந்தக் கும்பலின் பேச்சுரிமைக்காக நீதிமன்றம் போன ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பின் வழக்கறிஞர் ஒரு யூதர். (கடைசியில் ஊர்வலம் ஸ்கோக்கியில் நடக்கவில்லை, கும்பல் 1978-இல் சிகாகோவில் கூடிக் கலைந்தது.) ஒருவர் வழக்கறிஞராகவும், ஒருவர் ஸ்கோக்கியில் வாழும் பாட்டியாகவும் பேசட்டும், இருபது நிமிஷம் கழித்து இடம் மாறட்டும். இதை ஒழுங்காகச் செய்த குழு எந்த விவாதத்துக்கும் தயார்.

அப்புறம் சொந்தக் கதை. மார்ஷல் கான்ஸ் என்பவர், ஒரு ரப்பியின் மகன், 1964-இல் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டு மிசிசிப்பிக்குக் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்குப் போனவர், பிறகு பல வருஷம் கலிபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்தவர். அவர் கற்பிக்கும் முறை என் கதை, நம் கதை, இப்போதைய கதை என்று மூன்று அடுக்காக இருக்கும், அதன் வேர் பழைய ஹில்லெல் குருவின் மூன்று கேள்விகளில்: நான் எனக்காக இல்லாவிட்டால் யார் எனக்காக, எனக்காக மட்டும் நான் என்றால் நான் என்ன, இப்போது இல்லாவிட்டால் எப்போது? இரண்டு நிமிஷத்தில் சொல்லச் சொல்லுங்கள். எல்லோரும் செய்யும் தவறு, நேரே கொள்ளுப்பாட்டியின் நாஜி வதைமுகாம் அனுபவத்துக்குப் போய்விடுவது. அது பாட்டியின் கதை. இந்தப் பெண் ஏன் செவ்வாய்க்கிழமை வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், அதைச் சொல்லட்டும்.

முதல் போராட்டம் சின்னதாக, ஜெயிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது தேர்வுத் தேதி. யூதப் பண்டிகைகள் சந்திர சூரியக் கணக்கில் வருவதால் ஒவ்வொரு வருஷமும் தேதி நகரும். 2026-இல் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் 11 வெள்ளி மாலை தொடங்குகிறது, யோம் கிப்பூர் 20 ஞாயிறு மாலையிலிருந்து 21 திங்கள் ராத்திரி வரை. திங்கட்கிழமை எந்தெந்த வகுப்பில் தேர்வு, ஆய்வகம், விளக்கக்காட்சி என்று ஆகஸ்டிலேயே பாடத்திட்டங்களைப் பார்த்துப் பட்டியல் போடச் சொல்லுங்கள். கல்லூரியில் மத விடுமுறைக்கு எழுதப்பட்ட விதி இருக்கிறதா? இருந்தால் அதன் வரியை மேற்கோள் காட்டி ஒரு பக்கக் கடிதம். பேராசிரியருக்கு முதலில், அசையாவிட்டால் துறைத் தலைவருக்கு, அதற்கும் மேல் டீனுக்கு. கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இந்தத் தேர்வுக்கு மாற்றுத் தேதி. ஈத், தீபாவளி கொண்டாடும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால் கடிதத்துக்கு எடை கூடும், கூடவே நல்ல நட்பும் கிடைக்கும். நெருக்கடி வந்த பிறகு முஸ்லிம் மாணவர் சங்கத்தின் கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். கோஷர், ஹலால் சமையலறைக்காக ஒன்றாகக் கையெழுத்துப் போட்டவர்கள் என்றால் குறைந்தபட்சம் போனையாவது எடுப்பார்கள். அப்புறம், தேதியை மாற்றிய பேராசிரியருக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், அரைகுறையாகத் தெரிந்தால் ஆபத்து. பாகுபாட்டைத் தடுக்கும் 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு இனம், நிறம், பூர்விக நாடு ஆகிய மூன்றையும்தான் சொல்கிறது, மதம் அதில் இல்லை. ஆனாலும் பொதுவான வம்சாவளி என்ற வகையில் யூத மாணவர்களுக்கும் அது பொருந்தும் என்று அமெரிக்க அரசின் கல்வித் துறை பல வருஷமாக எடுத்துக்கொள்கிறது. அங்குள்ள குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்கச் சாதாரணமாக 180 நாள் அவகாசம். மாணவர்கள் மனதில் பதிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. வயிற்றைக் கலக்கும் ஒரு பதாகை, அதுவும் அரசுப் பல்கலைக்கழகத்தில், பேச்சுரிமைக்குள் வரலாம். ஒருவர் விடுதிக் கதவில் ஸ்வஸ்திகா கிறுக்குவதும், வகுப்புக்குப் போகவிடாமல் வழிமறிப்பதும் வேறு. எது நடந்தாலும் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தவர் யார், இவை அன்றைக்கே எழுதப்பட வேண்டும். யூத வெறுப்புக்கான வரையறைகளில் ஹோலோகாஸ்ட் நினைவுக்கான பன்னாட்டுக் கூட்டணியின் 2016 ஐஎச்ஆர்ஏ வரையறை, அறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட ஜெருசலேம் பிரகடனம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இஸ்ரேல் மீதான விமர்சனம் எங்கே முடிந்து யூத வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் இரண்டும் மோதுகின்றன, மாணவர் பேரவையில் வரப்போகும் சண்டையும் அங்கேதான்.

பேரவை என்றதும் பெர்க்லி நினைவுக்கு வருகிறது. 2010-இல் அங்கே, இஸ்ரேல் ராணுவத்தோடு வியாபாரம் செய்யும் நிறுவனங்களிலிருந்து பல்கலைக்கழகப் பணத்தை எடுக்கச் சொல்லும் முதலீடு விலக்கல் தீர்மானம் 16-4 என்று நிறைவேறியது, மாணவர் தலைவர் அதை ரத்து செய்தார், ரத்தை முறியடிக்கும் கூட்டம் விடிய விடிய நடந்து முயற்சி தோற்றது. எந்தப் பக்கம் நின்றாலும் இதில் பாடம் ஒன்றுதான்: பேசக் கிடைப்பது ஓரிரு நிமிஷம், காத்திருப்பது பல மணி நேரம். பேசுபவர், கணக்கு வைப்பவர், பேரவை உறுப்பினர்களோடு இரண்டு வாரம் முன்பே பேசி முடித்தவர், சாப்பாடு கொண்டுவருபவர், அழுதுகொண்டு வெளியே போகிறவரின் பின்னால் போய் உட்காருபவர் என்று முன்னாலேயே பிரித்துவிடுங்கள். மறுநாள் தேர்வு உள்ளவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

போன் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சக மாணவர் முகத்தைப் படம் பிடித்துப் பெயரோடு இணையத்தில் போடக் கூடாது. 2023 அக்டோபரில் ஹார்வர்டு அருகே மாணவர்களின் படத்தையும் பெயரையும் பெரிய திரையில் போட்டுக்கொண்டு லாரி சுற்றியதே, அதனால் யாருடைய மனமும் மாறியதாகத் தெரியவில்லை. ஆதாரம் வேண்டுமா, எடுத்துக் கல்லூரி அலுவலகத்திடம் கொடுங்கள், அதோடு சரி.

வெளி அமைப்புகள் டீ-ஷர்ட், விமான டிக்கெட், தயார் வாசகங்களோடு வரும். எல்லாவற்றையும் மறுக்க வேண்டியதில்லை, பணமில்லாமல் எதுவும் ஓடாது. ஆனால் எந்த வாசகத்தைச் சொல்வது என்று மாணவர்களே வாக்கெடுத்து முடிவு செய்யட்டும். பணம் கொடுப்பவர் அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவார், இவர்கள்தான் அதே வகுப்பில் உட்கார வேண்டும்.

கடைசியாக, கைமாற்றம். 1964 ஏப்ரலில் கொலம்பியாவில் கூடிய மாணவர்கள் சோவியத் ஒன்றியத்து யூதர்களின் உரிமைக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கி, சில நாளிலேயே மே 1 அன்று நியூயார்க்கில் சோவியத் தூதர் அலுவலகத்தின் முன்னால் நின்றார்கள். அதே கோரிக்கைக்காக வாஷிங்டனில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கூடியது 1987 டிசம்பரில். நடுவில் எத்தனை வகுப்புகள் பட்டம் வாங்கிப் போயிருக்கும்! அதனால் மூன்றாமாண்டு மாணவரைத் தலைவராக்குங்கள், இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் பக்கத்தில் இருக்கட்டும். யார் எந்த டீனிடம் பேசினார், எந்தக் கடிதம் வேலை செய்தது, எந்த சமையல்காரர் கோஷர் விஷயத்தில் கண்டிப்பானவர் என்று ஒரு நோட்டு. ஏப்ரலிலேயே கைமாற்றிவிடுங்கள், மே மாதத் தேர்வு நேரத்தில் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். நோட்டைக் கொடுத்த பழைய தலைவருக்கு மிச்ச வெள்ளிக்கிழமைகளில் பாத்திரம் கழுவும் வேலை.